உன் மணல் மீனும் உன் அப்பாவும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அப்பா தேவைக்கு மேலேயே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கெங்கே போன் கிடைக்கிறது? மணி அடித்ததும் உன் அப்பா பாய்ந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். பேசித் தீர்த்துவிட்டு அவர் இறங்கி வந்து என் கையில் கொடுக்கும்போது நீ "சாப்டியாம்மா, நான் நல்லா இருக்கேன், வேலை இருக்கு, வச்சிடறேன்" என்கிறாய். தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தவளுக்கு அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வயிறு எரிகிறது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்ற மனிதர் இப்போது தெருவுக்கே தசைப் புரத வாத்தியார். காய்கறிக்காரரை நிறுத்திவைத்து, கையை மடக்கிக் காட்டி, "இது சுருங்க ஒரு புரதம், இதயம் துடிக்க அதுலயே இன்னொரு வகை, ரெண்டும் பிரியறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு என் பொண்ணு ஒரு எலும்பில்லாத மீன்ல தேடறா" என்று வகுப்பெடுக்கிறார். அந்த மனிதர் நன்றாகத் தலையாட்டிவிட்டு நமக்கு மட்டும் முற்றின வெண்டைக்காயைப் போட்டுவிட்டுப் போகிறார். எனக்கும் சொல்லுங்களேன் என்று கேட்டதற்கு, உனக்குப் புரியாது என்றுவிட்டார். எனக்கா புரியாது? நீ விட்டுப்போன கட்டுரையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு டீச்சரிடம் போய் உட்கார்ந்தேன். துணி வெட்ட ஒரே ஒரு அளவுப் பேப்பர் இருந்தால் அதில் கத்தரி வைக்கப் பயம், இன்னொரு நகல் எடுத்துக்கொண்டால் அதை இஷ்டத்துக்கு மாற்றலாம், மரபணுவும் அப்படித்தான் நகலாகி மாறி, இதயத்துக்குத் தனி, கைகாலுக்குத் தனி என்று நமக்கு வந்தது என்று புரிந்துகொண்டேன். சரிதானே? தப்பென்றால் என்னிடம் மட்டும் சொல், அவர் காதில் போட்டுவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்திருந்தார். உன் அப்பா அந்த மீன் படத்தைக் காட்டி, "இதாண்டா நம்ம முப்பாட்டன்" என்றார். நான் மெஷினில் இருந்தபடியே, "முப்பாட்டன் எப்பவோ போய்ச் சேந்தாச்சு, இது இன்னைக்கும் மணல்ல உயிரோட கிடக்கு, இது பங்காளி" என்றேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். உன் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். அண்ணனுக்குப் பரிந்துபேசுவதாக நினைத்துச் சித்தப்பா, "விடுங்க அண்ணி, ப்ரீஸர் கெட்டு சேத்து வச்ச சாம்பிளெல்லாம் வீணாப்போச்சுன்னு சிட்டு போன்ல அப்படி அழுதப்போ அண்ணன்தானே தேத்தினாரு" என்றார்.

மெஷினை நிறுத்தினேன். உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு அவதான் சொன்னா" என்றார். அப்படியென்றால் அன்றைக்கு அவரிடம் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் என்னிடம் நல்லா இருக்கேன் என்றிருக்கிறாய். நானும் அதை நம்பி, உன் அப்பாவுக்குத்தான் எல்லாம் கொடுக்கிறாய் என்று கறுவிக்கொண்டு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன்.

நான் கவலைப்படுவேன் என்று மறைத்தாயாம். கவலைப்படத்தான் செய்வேன், அது என் வேலை, அதையும் அவருக்கே கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வது? புரதம், மீன், ஆராய்ச்சி எல்லாம் அவரோடு பேசு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அழுகை வந்தால் என்னைக் கூப்பிடு.

மறுபடி சாம்பிள் எல்லாம் சேர்ந்து வரும், உன் கை ராசி எனக்குத் தெரியும். உடம்பும் மனசும் நோகாமல் நூறு வயசு இரு. மறந்துவிடாதே, வியாழக்கிழமை சாயங்காலம் அவர் பல் டாக்டரிடம் போகிறார், போன் என்னிடம்தான் இருக்கும். ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வைத்துவிடாமல் இரு.

உன்
அம்மா