அலுமாரியில் கிடந்த ஒன்பதாம் பக்கம்

ஜூன் 4, செவ்வாய்

விடாத தூறல். ஹந்தானை மலையின் மேல் பக்கம் முழுக்க மூட்டம். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவில்லை.

வாங்க வேண்டியவை: சிவப்பிக்குத் தாது உப்பு. பட்டிக் கூரைக்கு ஒரு தகரம். செல்வத்தின் சட்டைக்குப் பொத்தான்.

உப்புக்காகத்தான் கண்டிக்கு இறங்கினேன். சிவப்பிக்கு இது இரண்டாவது ஈற்று, நாள் நெருங்கிவிட்டது. மாட்டு வைத்தியர் கந்தோரில் டாக்டர் இல்லை, கிளாக்கர் மட்டும். யாழ்ப்பாணத்துக்காரர். உப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் சணல் கயிறு போட்ட ஒரு கட்டு, மேலெல்லாம் தூசி. தமிழ் எழுத்து! கன்று வளர்ப்பு பற்றிய சின்னப் புத்தகங்கள். கட்டை அவிழ்க்கவே இல்லை.

"இது எப்ப வந்துச்சு ஐயா?"

"அது கன காலம். ஒருத்தரும் கேக்கேல்லையே."

"இருக்குன்னு சொன்னாத்தானே கேப்போம்?"

"தோட்டத்து ஆக்கள் வாசிப்பினமோ எண்டு நினைச்சன், பிள்ளை."

வாசிப்பினமோ! வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த ஒரு சொல்தான் காதில். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி எடுத்தவள் நான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு பிரதி உருவிக் கொடுத்ததற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புருஷன் சட்டைக்குப் பொத்தான் மறந்துபோச்சு.

ஜூன் 5, புதன்

மழை இல்லை. வேலை முடிந்து இரண்டு கட்டுப் புல். காலில் மூன்று அட்டை.

தேத்தண்ணிக்குப் பிறகு புத்தகம். முதல் எட்டுப் பக்கம் எங்களுக்குத் தெரிந்ததுதான். தண்ணீர், புல், பட்டியைக் கழுவுவது. இதைச் சொல்ல ஒரு புத்தகமா என்று சிரிப்பு.

ஒன்பதாம் பக்கம். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டுமாம். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம். நோயைத் தாங்கும் சக்தியே கன்றுக்கு அந்த முதல் பாலில்தான் கிடைக்குமாம். கிடைக்காத கன்று கழிச்சல் வந்து சாகுமாம்.

நாலு தடவை படித்தேன்.

போன வருடக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கொடி விழுமுன் கன்று வாய் வைத்தால் கொடி உள்ளே ஏறும், மாடு செத்துவிடும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பேச்சு. கொடி விழுந்த பிறகும் முதல் பால் கன்றுக்கு இல்லை. முனியாண்டி சாமிக்குக் கொஞ்சம், மீதி சீனி போட்டு அவித்து லயத்துக்கு. அன்று கன்றைக் கட்டியது யார்? நான். கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது, சும்மா இரு என்று அதட்டினேன். அவித்தது யார்? நான். எட்டு வீட்டுக்கும் பங்கு, நானும் இரண்டு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது. ஆறாம் நாள் கழிச்சல். எட்டாம் நாள் குழி. கண் பட்டுவிட்டது என்றார் பக்கத்துக் காம்பரா மாரியக்கா. நானும் தலையாட்டினேன்.

புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். பிறகு எடுத்துத் துடைத்து வைத்தேன். அதன் மேல் என்ன பிழை?

ஜூன் 7, வெள்ளி

வெயில். சிவப்பிக்கு மடி இறங்கிவிட்டது.

செல்வத்திடம் சொன்னேன். சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வந்த களைப்பில், "மாரியக்காகிட்ட கேளு" என்றார். எல்லாவற்றுக்கும் மாரியக்கா! இருபது வருடமாக மாடு வைத்திருக்கிறாராம், அதனால் லயத்துக்கே அவர்தான் டாக்டர்.

கேட்டேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பத்துப் பேர் முன்னால் நல்லாப் பேச்சுக் கிடைத்தது.

"பொஸ்தகமா வந்து மாடு மேய்க்கப் போவுது? மாடு செத்தா அந்தக் கடுதாசியவா கறப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு வாளிக்காகத் திரும்பப் போக வேண்டியிருந்தது. அதுதான் பெரிய கேவலம்.

ஜூன் 11, செவ்வாய்

காலை ஏழுக்குக் கன்று. கிடேரி. செம்பட்டை. எழுந்திருக்கப் பார்த்து இரண்டு தடவை விழுந்தது.

செல்வம் கயிற்றோடு வந்தார். பிடுங்கிக் கூரை மேல் எறிந்தேன். கன்றைத் தூக்கி மடியில் சேர்த்தேன். ஏழு இருபதுக்குக் குடித்தது. வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான்.

எட்டு மணிக்குச் சீம்பாலுக்குச் செம்போடு வந்தவர்கள் வெறும் செம்போடு திரும்பினார்கள். "முனியாண்டிக்குமா இல்ல?" "படிச்சவ வீட்டுல சாமிக்கும் பங்கு இல்லடி."

ஒன்பது: கொடி விழவில்லை.
பதினொன்று: இல்லை.
ஒன்று: இல்லை. மாரியக்கா பட்டி வாசலில் நின்று, "நான் சொன்னேன்ல?" என்றார்.

செல்வம் வேலைக்குப் போகாமல் பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே ஒரு தடவை: "மாட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கலா..." அவ்வளவுதான்.

கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம் பொறுக்கலாம் என்று பதினொன்றாம் பக்கம். எழுதியவர் எங்கோ கதிரையில் உட்கார்ந்து எழுதிவிட்டார், பட்டியில் நின்று பொறுப்பது நான். பயந்தேன். இதை இங்கேயாவது எழுதலாம். கயிறு கூரையில்தானே இருக்கிறது, எடுக்கலாமா என்று இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தேன். எடுக்கவில்லை.

மூன்று பத்துக்கு விழுந்தது. முழுசாக.

செல்வம் அதைச் சாக்கில் கட்டிப் பலா மரத்தில் தொங்கவிட்டார். வழக்கப்படி. அந்த வழக்கம் இருக்கட்டும், அது யாரையும் கொல்லவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஆறாம் நாள். பட்டிக்கு எத்தனை தடவை போனேன் என்று தெரியாது. சாணி கெட்டியாக இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

எட்டாம் நாள். கன்று துள்ளி என் காலை மிதித்தது. பெருவிரல் வீங்கிப் போச்சு. மிதிக்கட்டும்.

வேலை விட்டு வந்தபோது மாரியக்கா வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். ஒரு வாரமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன், ஒவ்வொரு சொல்லும் ஊசி.

"அந்தப் பக்கத்த ஒருக்கா வாசிச்சுக் காட்டு புள்ள."

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து வருடமாகப் பக்கத்துக் காம்பரா! வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். வாசித்தேன்.

"அப்ப செத்துப்போன என்னோட மூணு கன்னும்?"

தயாராக வைத்திருந்த பதில் இதற்குத்தான். நீங்கள்தான் கொன்றீர்கள், என்னையும் கொல்ல வைத்தீர்கள். வாய் வரை வந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் நம்பவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் கண்டியில், அலுமாரிக் கீழ்த் தட்டில், கயிறு போட்டுப் பத்திரமாக இருந்தது. சுட்டிக் கன்று குழிக்குள் போன அன்றும் அங்கேயேதான் இருந்திருக்கும். மாரியக்காவின் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் கோபம் குறையவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது.

நாளை முதல் பஸ். மாரியக்காவும் வருகிறார். கட்டு முழுவதும் வேண்டும். சாக்கு எடுத்து வைத்தாயிற்று.