ஹரி கேட்கும் தழும்பு

குடவாசல்

அன்புள்ள குழந்தை ரோஹிணிக்கு, அப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் பிள்ளையும் இங்கே சௌக்கியம், உடம்பு மட்டில் அது உண்மை. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. ஃபோனில் எனக்குக் கோவையாகப் பேச வருவதில்லை, அதனால் வரிசை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1. ஹரி கேட்பது.
2. நான் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள்.
3. நீ செய்ய வேண்டியது.

பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று அவன் சொன்னதும் நீ ஃபோனை வைத்துவிட்டாய், எதை என்று கேட்கவில்லை. நானும் தேள், பாம்பு என்றுதான் பயந்தேன். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் அறுப்பு வயலில் அரிவாள் பட்டு இடது மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்ததே, அதே தழும்பு அதே இடத்தில் வேண்டுமாம். சின்னவனாக இருந்தபோது ரோட்டைத் தாண்டுகையில் அதன்மேல் கட்டைவிரலை வைத்துத்தான் அப்பா கையைப் பிடித்துக்கொள்வானாம். இப்போது பள்ளிக்கூடம் கிளம்புமுன் பேனாவால் அதை வரைந்துகொள்கிறான், குளித்தால் போய்விடுகிறது, மறுபடி வரைகிறான். மாயவரத்தில் பிரபு என்பவர் கடையில் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறான், பதினேழு வயதுப் பையனுக்கு ஊசியைத் தொடமாட்டேன், வீட்டுக்குப் போய் மருதாணி வெச்சுக்க தம்பி என்று அவர் கேலி பேசி அனுப்பிவிட்டாராம். பெரியவர்கள் கூட வந்தால் செய்வாரென்று நினைத்து, அம்மாவிடம் கேளுங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அவனிடம் நான் இரண்டு காரணம் சொன்னேன். ஒன்று, பதினேழில் பிடித்தது இருபத்தைந்தில் பிடிக்காமல் போகலாம். இரண்டு, அப்பா போன துக்கம் நாளாக ஆக ஆறிவிடும், பச்சை அழியாது. பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன், "காரியத்துல போட்ட மொட்டை ரெண்டே மாசத்துல வளர்ந்துடுத்து தாத்தா. நார்மலாயிட்டேன்னு கிளாஸ்ல எல்லாரும் சொல்றா. எனக்கு மறையாம நிக்கறதா ஒண்ணு வேணும்" என்றான். பிறகு மெதுவாக, "பாட்டி போனது உங்களுக்கு எப்போ ஆறித்து?" என்று கேட்டான். பாலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

மூன்றாவது, நீ அவனைத் திட்டாதே. உன் ஃபோன் வந்தால் அவன் கொல்லைப்பக்கம் போய்விடுகிறான், நீ கூப்பிடுவதையும் குறைத்துவிட்டாய், இருவருக்கும் நடுவில் நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது வேண்டாம், பதினெட்டு முடியட்டும், அப்போதும் வேண்டுமென்றால் அம்மாவே கூட வருகிறேன் என்று சொல். சரியான யோசனையா, தெரியவில்லை. வேறு தோன்றவில்லை.

மழை பிடித்துக்கொண்டது, சம்பா நடவு முடிந்துவிட்டது. அடுத்த அமாவாசைக்கு மறுநாள் மாப்பிள்ளையின் மாசிகம், மறக்காமல் அன்று சாயங்காலம் கூப்பிடு, அவன் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பகவான் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

எழுதினதைப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது காரணம் தப்பு, ரோஹிணி. உன் அம்மா போனது எனக்கு ஆறவில்லை. ஆறிவிடும், அதனால் பொறு என்று குழந்தையிடம் சொன்னேன். இந்தத் துக்கம் எங்கேயும் போய்விடாதுடா, அதனால் அவசரமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நீ மஸ்கட்டுக்குத் திரும்பிக் கிளம்பின அன்று வாசலில் நின்று உன்னிடமும் ஆறிவிடும் என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாமா