எல்லாம் மகள்மாரின் வீடுகள்

சாவோ பாவுலோ
11.05.2025

அன்பின் பஸ்மிலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று வீடியோவில் நான் கத்திய கத்தலுக்கு மேல்மாடிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டிவிட்டார். நெல் ஆலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்று காதைத் தொலைத்தவரோடு இனி நான் போனில் மல்லுக்கட்டுவதாக இல்லை. கடிதம் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கி வாசியுங்கள். கண்ணாடி எங்கே என்று என்னைக் கேட்க வேண்டாம்.

பஸ்மிலாவும் பேரனும் சுகம். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்துவிட்டது. மருமகன் ஸஜாத் ஹோலிலேயே கம்பியூட்டரை வைத்துக்கொண்டு கந்தோர் வேலை செய்கிறார். நான் குறுக்கே போனால் அவருடைய கூட்டத்தில் என் தலை தெரிகிறதாம். மீன் பொரித்தால் கட்டடம் முழுக்க மணக்கிறதாம். ஆகவே லுஹர் தொழுதுவிட்டுப் பிள்ளை தூங்கும் நேரத்தில் வெளியே போய்விடுகிறேன்.

இருபத்தெட்டு வருஷம் தென் அமெரிக்கா படிப்பித்தவள் நான். வரைபடத்தில் இந்த நகரம் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் இவ்வளவு ஏற்றமும் இறக்கமும் இருக்கும் என்று ஒரு பிள்ளைக்கும் நான் சொன்னதில்லை. இப்போது என் முழங்கால் எனக்குப் படிப்பிக்கிறது. நேற்று லிபர்தாஜி என்ற பகுதிக்குப் போனேன். ஜப்பான்காரர் வந்து குடியேறிய இடம். தெருவிளக்கெல்லாம் சிவப்புக் கூடு. ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு ஒரு வாங்கில் இருந்தேன். எழும்ப மனமே வரவில்லை.

பகலில் நம் அறை யன்னலைச் சாத்தி வையுங்கள். கச்சான் காற்றுக்கு மண் முழுவதும் கட்டிலில்தான் கிடக்கும். வீட்டை மகள் றஸ்னாவுக்குச் சீதனமாக எழுதிய பிறகு நமக்கென்று மிஞ்சியது அந்தப் பின்னறை ஒன்றுதான். ஜூலைக் கடைசியில் நான் வரும்போது அதையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

வஸ்ஸலாம்,
சுபைறா


கல்முனைக்குடி
17.05.2025

அன்பின் சுபைறாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நானும் ஒரு கொப்பி வாங்கி வந்து எழுதுகிறேன். பிழை திருத்தாமல் வாசி.

ஜப்பான்காரரைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? நேரே ஜப்பானுக்கே போயிருக்கலாம். என்றாலும் உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் இருந்து இன்னொரு தரமும் வாசித்தேன்.

யன்னல் சாத்தித்தான் இருக்கிறது. நம் அறையில் இப்போது மருமகன் றிபாத் கணித வகுப்பு நடத்துகிறார். கிழமைக்கு இரண்டு நாள்தான். அவரும் என்ன செய்வார்? பள்ளிக்கூடச் சம்பளத்தோடு மட்டும் இந்தக் காலத்தில் சமாளிக்க முடியாது. கட்டிலை ஹோலில் எடுத்துப் போட்டிருக்கிறோம். ஹோலில் காற்று நல்லம். றஸ்னா நேரத்துக்குச் சாப்பாடு தருகிறாள். ஆணத்தில் புளி கூட, வேறு குறை இல்லை.

நீ அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம். கிடைத்த வாய்ப்பு, இன்னும் நாலு இடத்தைப் பார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு நட.

இப்படிக்கு,
றாஸிக்


சாவோ பாவுலோ
01.06.2025

அன்பின் பஸ்மிலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சப்பாத்தை இங்கேயும் ஏறக்குறையச் சப்பாத்து என்றுதான் சொல்கிறார்கள். மேசை, யன்னல், சாவி எல்லாம் நமக்கு விளங்குகிற மாதிரித்தான், போர்த்துக்கேயர் நமக்கும் விட்டுப்போன சொற்கள். சாமான்களோடு கதைக்கலாம். மனிதரோடு கதைக்கத்தான் எனக்கு வழியில்லை.

பிராஸ் என்ற பகுதிக்குப் போனேன். ரயிலால் இறங்கினால் தெருவெல்லாம் துணி. மருதமுனைத் துணி முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாலும் அங்கே ஒரு மூலைக்குக் காணாது. சிரியாக்காரர், லெபனான்காரர் கடைகள் நிறைய. ஒரு கடையில் முதியவர் ஒருவருக்கு ஸலாம் சொன்னேன். நெஞ்சில் கைவைத்துப் பதில் சொன்னார். இங்கே வந்து இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் பதில் அது. அழுகை வந்துவிட்டது. துணி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பஸ்மிலா சொன்னாள்: “உம்மா, நீங்க இனி இங்கயே இருங்க. நான் வேலைக்குப் போனா புள்ளய ஆரு பார்க்கிற? விசாவ நீட்டலாம். வாப்பாவ றஸ்னா பார்ப்பா. நாங்க ரெண்டு பேரும் கதைச்சி முடிச்சிட்டம்.”

குர்பான் இறைச்சி பங்கு வைப்பதுபோல் நம்மைப் பங்கு வைத்துவிட்டார்கள். பிள்ளையைத் துவாயில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, “வாப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“வாப்பா ஓம் எண்டுட்டார்.”

நீங்கள் ஓம் என்றது உண்மையா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா? மகள்மார் சொல்வதை நம்ப எனக்கு மனமில்லை. உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அதுவரை விசாத் தாளில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சுபைறா


கல்முனைக்குடி
09.06.2025

அன்பின் சுபைறாவுக்கு,

பெருநாள் முடியட்டும் என்று பார்த்தேன். பெருநாளும் முடிந்துவிட்டது. நான் ஓம் என்றது உண்மை.

போன கடிதத்தில் நான் எழுதியது பாதிதான். வகுப்பு இப்போது கிழமையில் ஏழு நாளும் நடக்கிறது. நம் அலுமாரி நின்ற சுவரில் வெள்ளைப் பலகை அடித்திருக்கிறார்கள். கட்டில் ஹோலில் கிடந்தது கொஞ்ச நாள்தான். பெருநாளைக்கு ஆட்கள் வருவார்கள் என்று அதைக் கழற்றிக் கிணற்றடிக் கொட்டிலில் வைத்தாயிற்று. நான் இரவில் வகுப்பு நடக்கும் அறையில் பாய் விரித்துப் படுக்கிறேன். காலை வகுப்புப் பிள்ளைகள் வரும் முன் பாயைச் சுருட்டிவிட வேண்டும். பகல் முழுவதும் பள்ளிவாசலில் இருக்கிறேன். முஅத்தினார் இரண்டு தரம் கேட்டுவிட்டார், “என்ன ஹாஜியார், வூட்டுல ஒண்டும் பிரச்சினையா?” என்று. காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன். அந்த வசதியாவது எனக்கு இருக்கிறது.

றஸ்னாவைக் குறை சொல்லாதே. சின்ன வீடு, இரண்டு பிள்ளைகள். பிழை என்னுடையது. சீதன உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு கேட்டார், “சீவிய உரித்தும் போடட்டுமா? சாகும்வரை நீங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுல இருக்க உரிமை” என்று. நீ என் முகத்தைப் பார்த்தாய். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இருந்தார்கள். “என்ட மகள்ட வீட்டுல இருக்க எனக்கு என்னத்துக்கு எழுத்து?” என்று பெரிய மனுஷன்போல் சொன்னேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து முப்பத்தொன்பது வருஷம் இருந்தேன். வந்தவன் என்று ஒரு நாளும் என்னை நீ நினைக்கவைத்ததில்லை. இப்போது உன்னைக் கூப்பிட்டு எங்கே வைப்பேன்? உனக்கு அங்கே ஒரு கட்டிலாவது இருக்கிறது. அதனால்தான் ஓம் என்றேன்.

நீ இல்லாமல் எனக்கு ஏலாது. அதையும் எழுதிவிட்டேன், இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

றாஸிக்


சாவோ பாவுலோ
15.06.2025

அன்பின் பஸ்மிலாவின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை. எந்த ரயில் என்று பார்க்காமல் ஏறி, எந்த இடம் என்று தெரியாமல் இறங்கினேன். சாந்தா செசீலியா என்று பலகையில் எழுதியிருந்தது. வீடுகளின் யன்னலோடு உரசிக்கொண்டு ஒரு நீளமான மேம்பாலம் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் வாகனம் விடுவதில்லை, ஜனங்கள் நடக்கிறார்கள். எனக்கு மேலே ஏறச் சக்தியில்லை. கீழேயே ஒரு கடை வாசற்படியில் இருந்துவிட்டேன்.

அங்கே வயது போன ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். நம்மைவிட மூப்பு. ஒரு கைவண்டி நிறையக் கடதாசி மட்டைகள். அவர் முன்னால் இழுக்கிறார், அவள் பின்னால் தள்ளுகிறாள். நடு றோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். அவள் தள்ளவில்லை என்று அவர் ஏசுகிறார், ஒழுங்காக இழு என்று அவள் ஏசுகிறாள். பாஷை தெரியாவிட்டாலும் அந்தச் சண்டை எனக்கு முழுவதும் விளங்கியது. பிறகு ஒரு போத்தல் தண்ணீரை இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அவர்கள்மேல் பொறாமை வந்தது. பதினான்காம் மாடியில் சுடுதண்ணீர்க் குழாயோடு இருக்கிறவளுக்கு மட்டை பொறுக்குகிறவள்மேல் பொறாமை. இதைவிட எனக்கு என்ன வர வேண்டும்?

உறுதி விஷயத்தில் உங்களை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள்? வீடு என் உம்மா எனக்குத் தந்தது. கையெழுத்தும் என்னுடையது. நானும் வாய் பொத்திக்கொண்டுதானே இருந்தேன்.

ஒரு வீடு வாடகைக்குப் பாருங்கள். ஒரு அறை போதும். ஊர் கதைக்கும் என்று எழுத வேண்டாம், கதைக்கட்டும். நான் களைத்துப்போனேன். எனக்கு இனி ஒருவர் வீட்டிலும் ஓரமாக நிற்க ஏலாது.

சுபைறா


பாண்டிருப்பு
02.07.2025

அன்பின் சுபைறாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்து யோசிப்பாய். சொல்கிறேன்.

நீ அங்கே பகுதி பகுதியாகச் சுற்றுவதுபோல் நானும் சைக்கிளில் சுற்றினேன். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, மருதமுனை. பிறந்து வளர்ந்த இடங்களிலேயே வழிப்போக்கன்போல் ஒவ்வொரு கேற்றாக நின்றேன். எல்லோரும் முதலில் கேட்டது, “மகளோட கோவமா?” என்றுதான். எல்லாம் மகள்மாரின் வீடுகள். ஒன்று, மகளுக்குக் கொடுத்த வீடு. இல்லாவிட்டால் கொடுப்பதற்குக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. கிழவனும் கிழவியும் இருக்க என்று ஒருவரும் ஒரு வீட்டையும் கட்டவில்லை. மருதமுனையில் ஒருவர் காலையில் சாவியைத் தந்துவிட்டு, மஃரிபுக்குப் பிறகு வந்து திருப்பி வாங்கிக்கொண்டார். றஸ்னா அவருடைய மனைவிக்குப் போன் எடுத்து அழுதாளாம்.

பிறகுதான் தமிழ் ஆட்கள் பக்கம், பாண்டிருப்புக்கு வந்தேன். ஆலைக்கு நெல் கொண்டுவந்த சின்னப்போடியின் மனைவி செல்லத்தங்கம் உனக்குத் தெரியும். அவர் மௌத்தான பிறகு செல்லத்தங்கம் தனியாகத்தான் இருக்கிறார். வளவுக்குள் பக்கத்தில் இரண்டு அறையோடு இன்னொரு வீடு. அதுவும் மகள் வீடுதான், ஆனால் மகள் விதுஷா கனடாவில். நான் இழுத்து இழுத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த மனுஷி சொன்னது இதுதான்: “ஆரும் கேட்டா, செல்லத்தங்கத்துக்குத் துணைக்கு வந்திருக்கம் எண்டு சொல்லுங்க. மற்றதெல்லாம் ஆருக்கு என்னத்துக்கு?”

சுபைறா, நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

நேற்று கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து திரும்பப் பூட்டி நிறுத்தினேன். றஸ்னா வாசல்வரை வந்தாள். “ஊருக்கு முன்னால எங்கள அவமானப்படுத்திட்டீங்க வாப்பா” என்றாள். பிறகு உள்ளே போய் உன் தலையணையை எடுத்துவந்து வண்டியில் வைத்தாள். இரண்டையும் அவள்தான் செய்தாள்.

கிணறு பொது. கூரைத் தகடு பகலில் கொதிக்கும். பள்ளிவாசலுக்குச் சைக்கிளில் போக வேண்டும். உனக்கு வா என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று எழுதினாலும் கோபிக்கமாட்டேன்.

றாஸிக்


சாவோ பாவுலோ
06.07.2025

அன்பின் பஸ்மிலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வாரம் ஒரு இடமும் பார்க்கவில்லை. பார்த்தது போதும்.

டிக்கெட் திகதியை முன்னுக்குப் போட்டாயிற்று. ஸஜாத்தான் போட்டுத் தந்தார், என் முகத்தைப் பார்க்காமல். பஸ்மிலா மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. பிள்ளையை மட்டும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போகிறாள். அவனுக்கு இப்போது சத்தமாகச் சிரிக்கத் தெரியும். நான் போனால் ஒரு மாதத்தில் என்னை மறந்துவிடுவான், அந்த வயது அப்படி. எனக்குத்தான் மறக்காது. நான் கல் மனசுக்காரி என்று பஸ்மிலா றஸ்னாவிடம் சொன்னாளாம். சொல்லட்டும். இரண்டு பேரையும் நான்தான் பெற்றேன், எனக்கு நோகாமலா இருக்கிறது?

நம் ஆட்களில் பெண்பிள்ளை கலியாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. என் உம்மா போகவில்லை, அவருடைய உம்மாவும் போகவில்லை. அறுபத்தொரு வயதில் நான் போகிறேன். வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

கொழும்புக்கு வர வேண்டாம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க உங்கள் முதுகு விடாது. பதினேழாம் திகதி காலை மட்டக்களப்பு வழியாக வருவேன். பாண்டிருப்பு எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை கடந்து போயிருப்பேன். வீடுதான் தெரியாது. சந்தியில் பெட்டியோடு நிற்பேன். வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

சுபைறா