பூஜையில் வைத்த பேரிங்

ஏன்னா, கோபப்படாமல் படியுங்கள்.

துர்கா பூஜை தொடங்கியதிலிருந்து ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இதோ ஆயிடுத்து, பந்தல் பார்க்கப் போகலாம்" என்கிறீர்கள். இன்று நவமி, நமக்கு சரஸ்வதி பூஜை. நீங்கள் கெரசின் வாங்கப் போன நேரத்தில் ஸ்பேனர், சுத்தியல், முன்சக்கரத்திலிருந்து கழற்றிய பேரிங், லாக்கிங் ஹப் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து சுவாமி முன்னால் அடுக்கிவிட்டேன். நாளைக் காலை விஜயதசமி புனர்பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது.

சுண்டல் மூடி வைத்திருக்கிறேன். கிரீஸ் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வேட்டி கட்டில்மேல் இருக்கிறது. பெஹாலா டிராம் டிப்போ பக்கத்துப் பந்தலில் காத்திருப்பேன்.

பாகீரதி

பி.கு.: கிரீஸ் டப்பாவுக்கும் பொட்டு வைத்தாயிற்று.

இன்னொன்று: எதிர்வீட்டு கோஷ் பாபுவிடம் ஸ்பேனர் இரவல் கேட்கப் போகாதீர்கள். அவருடையதையும் காலையிலேயே வாங்கி வந்து பூஜையில் வைத்துவிட்டேன்.