வெயில் பழக்கிய பத்து நாள்

மார்ச் 4
தம்பி விதைத்த தக்காளி நாற்று இரண்டு தட்டு, தட்டுக்கு இருபது, அவன் கட்டிலோரத்து ஜன்னலில். படுத்தபடியே உத்தரவு வேறு. "அக்கா, எடுத்ததும் தோட்டத்துல நட்டுடாத. வீட்டுக்குள்ளயே வளர்ந்த செல்லம். இன்னைக்கு ஒரு மணி நேரம் நிழல்ல வை. தினம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலைக் கூட்டு. பத்து நாள் ஆகும்."
"சரிங்க முதலாளி."
தரையில் நட்டதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். வேறொன்றும் கேட்பதில்லை.

மார்ச் 5
டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். "ஒரு வாரம் தாங்கினா பெரிசும்மா."
ஒரு வாரம். நாற்றுக்குப் பத்து நாள்.

மார்ச் 6
எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? ஒரு தட்டைக் காலையிலிருந்து முழு வெயிலில் வைத்துவிட்டேன். தாங்கினால் நாளைக்கே நட்டுவிடலாம்.

மார்ச் 7
இருபதும் போச்சு. இலையெல்லாம் வெளுத்துத் துவண்டு கிடக்கிறது. பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன். தட்டை ஒளித்து வைத்தேன் - ஒன்று குறைவது அவனுக்குத் தெரியாதா?
"எதுக்குக்கா அவ்வளவு அவசரம்?"
ஊர் வாயை எல்லாம் அடைக்கிறவள் நான். அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.
முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டர் சொல்லிட்டாரா?"
தலையாட்டினேன்.
"அதுக்குச் செடி என்ன பண்ணும்? இந்தத் தட்டையாவது ஒழுங்கா பழக்கு."
அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 9
மூன்று மணி நேரம் இளவெயில். தண்டு தடித்திருக்கிறது. கட்டிலை ஜன்னலோடு ஒட்டித் தள்ளினேன். "காத்துல ஆடுது பாரு, நல்லது" என்றான். பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான்.

மார்ச் 11
காலை ஏழு மணிக்குப் போய்விட்டான்.

மார்ச் 12
துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய. நடுவில் எழுந்து போய்த் தட்டை உள்ளே எடுத்து வைத்தேன். "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று சித்தி யாரிடமோ கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை சித்தி. ஆறு மணி நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 14
நட்டேன். இருபதும் நிமிர்ந்து நிற்கின்றன. இந்தத் தடவை ஒரு நாளும் குறைக்கவில்லை. குறைத்து யாருக்குக் காட்டப்போகிறேன்?