காலையில் நீ சாப்பிட்ட மீன்

கீழ் வீட்டு வங்காளி அம்மா, குவார்ட்டர்ஸ் நாளிலிருந்தே நாம் அவர்கள் பாஷையில் மன்னி என்ற அர்த்தத்தில் போதி என்று கூப்பிடுவோமே, இன்று கடுகு அரைக்கிறாள். மீன் குழம்புக்குத்தான். அந்த நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்து மூக்கில் உறைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்தபிறகும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். கோபித்துக்கொள்ளாதே.

சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் நாம் அடுத்தடுத்த வீடு, ஒரே ஆபீஸ். நான் ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி செய்யவேண்டிய நேரம் அது. கைக்கு வந்த பணத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் நாக்பூரில் அண்ணா வீட்டு மூலையில் போய் உட்காரவேண்டும். மன்னி முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா என்ன?

அப்போதுதான் நம் வெள்ளிக்கிழமை சகஸ்ரநாம கோஷ்டிக்குள் அந்த ஆள் நுழைந்தான். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி, வாய் நிறையத் தமிழ். பாராயணம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது சுவரில் படம் காட்டினான். பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஊர்ச் சாக்கடை போய்ச் சேரும் ஏரிகள், செத்து மிதக்கும் மீன்கள், சாக்கடையைச் சுத்தம் செய்யப்போகும் இயந்திரம்.

"எங்க கம்பெனி ஷேர் இன்னும் மார்க்கெட்டுக்கு வரலை மாமி. வந்துடுத்துன்னா பல மடங்கு. லாபத்துக்கு லாபம், புண்ணியத்துக்குப் புண்ணியம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரியும் பிழைக்கும், நானும் பெரிய ஃபிளாட்டாகவே வாங்கலாம். செக்கில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். மீன் கடைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற கூட்டம் நாம். ஏரி செத்துவிட்டது என்று எவனாவது சொன்னால் நம்பாமல் என்ன செய்வோம்?

நீ நிதானமாக எழுந்தாய்.

"அந்த ஏரியில மீனே இல்லேங்கறேளா?"

"ஒண்ணுகூட உசிரோட இல்ல மாமி."

"அப்போ நான் காலம்பற சாப்பிட்டது எந்த ஊர் மீன்?"

ஹாலில் எல்லார் வாயிலும் மெல்லுகிற சுண்டல் அப்படியே நின்றது. போதி வீட்டில் நீ வருஷக்கணக்காக ரகசியமாக ருசி பார்த்துவந்தது எனக்கே தெரியாது. பாவி, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு! நீயோ கொஞ்சமும் அசராமல் மேலே போனாய். "போதியோட நானே அங்க போயிருக்கேன். அந்தச் சாக்கடைத் தண்ணிலதான் மீன் வளர்றது. வெயில் பட்டு, பாசி பிடிச்சு, தண்ணி தானா தெளிஞ்சுடறது. தினம் காலம்பற பாத்திரத்துல துள்ளத் துள்ள மார்க்கெட்டுக்கு வரது. உங்க மெஷின் எங்க இருக்கு? நாளைக்கே போய்ப் பாக்கலாமே."

பேஷாகப் போகலாம் என்று பல்லைக் காட்டினான். மறுநாள் அவன் போன் அணைந்திருந்தது. ஜாதவ்பூர்ப் பக்கம் அவனிடம் பணம் கொடுத்தவர்கள் அலைந்த அலைச்சல் பிறகுதான் காதுக்கு வந்தது.

நம் கோஷ்டி உன்னைச் சும்மா விடுமா? இரண்டு வாரம் உன் பக்கத்துப் பாய் காலியாகக் கிடந்தது. நான் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது வாரம் கோஷ்டியிலேயே மூத்த மாமி உன் காதோடு, "முள்ளு நெறைய இருக்குமோடி?" என்று கேட்டாளே, அன்று நாம் இருவரும் நாமத்தைத் தப்புத்தப்பாகச் சொன்னோம்.

"ஏன்டி இப்படி உன் மானத்தை நீயே வாங்கிண்டே?" என்று கேட்டேன். "நீ நாக்பூர் போயிட்டா நான் யாரோட சண்டை போடறது?" என்றாய்.

நான் நாக்பூர் போகவில்லை. இரண்டு அறை, ஒரு பால்கனி, காலையில் என் இஷ்டத்துக்குக் காப்பி. பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக யார் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "இது என் சிநேகிதி வாங்கிக்கொடுத்த வீடு."