ஒழுகுது என்று சொல்ல வாய் வரவில்லை

ஆடி மாதம், வியாழன் இரவு.

இன்று பாங்குக்குப் போனேன். வீடு முன்னமே அங்கே ஈட்டில் இருக்கிறது. அதையே திருப்பி வைத்துக் கூடுதல் பணம் வாங்க வேண்டும். என் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு அமரவிளையில் ஒருவனிடம் வட்டிக்கு வாங்கியதை அடைக்காவிட்டால் அந்த ஆள் வாசலை விட்டுப் போகமாட்டான்.

கூட வந்த கொழுந்தன் சசி வழியெல்லாம் சொல்லித் தந்தான். "மைனி, கடன் அடைக்கன்னு சொன்னா தரமாட்டாவ. மேல்வார்ப்பு ஒழுகுது, நன்னாக்கணும்னு சொல்லுங்க."

சரி என்றுதான் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "எந்த இடத்துல சேச்சி ஒழுகுது?" என்று கேட்டாள்.

வாய் வரவில்லை. அது இவர் கொத்தனாராக நின்று தன் கையால் போட்ட கான்கிரீட் கூரை வார்ப்பு. காய்ச்சலோடு மேலே ஏறித் தண்ணீர் விட்டு நனைத்தார். போன மனுஷனின் வேலையை நானே குறை சொல்வதா?

"ஒழுகல்ல மக்கா. எங்க வீட்டுக்காரரு போட்டதாக்கும், ஒழுகாது. வட்டிக்கடன் அடைக்கத்தான் கேக்கேன்."

சசி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு சொட்டு ஒழுகினா அண்ணனுக்கு மானம் போயிருமா மைனி?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "சொன்னது நல்லதாச்சு சேச்சி. கடன் அடைக்கதுக்கு வேற லோன் உண்டு. தொகை குறையும். மேல கேட்டுத்தான் சொல்ல முடியும்."

கிடைக்குமா, தெரியவில்லை. கிடைத்தாலும் கடனை அடைக்கக் காணுமா, தெரியவில்லை.

வெளியே மழை கொட்டுகிறது. விளக்கை அணைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஒரு சொட்டு இல்லை.